எடுக்காத படம் உலகைச் சுற்றியது! டைரக்டர் சத்யஜித் ரேயின் வாழ்க்கை வரலாறு

சினிமாப் படம் என்றால் கொட்டகையில் ஓட வேண்டும். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டும். வீடு திரும்பும் வழியில் அதைப்பற்றிப் பேச வேண்டும்.

ஆனால், ஒரு அடி பிலிம் கூடச் சுழலாத படம் ஒன்று உண்டு. அதில் யாரும் நடிக்கவில்லை. எந்த ஊரிலும் அது திரையிடப்படவில்லை. ஆனாலும், 50 ஆண்டுகளுக்கு மேலாக அதைப்பற்றி உலகம் பேசிக் கொண்டிருக்கிறது.

அந்தப் படத்துக்கு வைத்த பெயர் "ஏலியன்". வேற்று உலகவாசி என்று பொருள். அதை எடுக்க ஆசைப்பட்டவர், வங்காளத்தின் புகழ் பெற்ற டைரக்டர் சத்யஜித் ரே.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால் யாருக்கும் மனம் உடைந்து போகும். அதே பண்டம் வேறு ஒருவர் கையில் இருப்பதுபோல் கண்ணில் பட்டால்? ரேக்கு அப்படி ஒரு சோதனை வந்தது. அதை அவர் எப்படித் தாங்கினார் என்பதை அறிய, அவருடைய வாழ்க்கையை முதலில் இருந்தே பார்க்க வேண்டும்.

அச்சுக்கூடத்துப் பேரன்

சத்யஜித் ரே, 1921-ம் ஆண்டு மே மாதம் 2-ந்தேதி கல்கத்தாவில் பிறந்தார்.

அவருடைய பாட்டனார் உபேந்திர கிஷோர் பல கலைகள் தெரிந்தவர். கதை எழுதுவார். படம் வரைவார். பிடில் வாசிப்பார். அச்சுத் தொழிலில் கெட்டிக்காரர். புத்தகங்களில் படங்களைத் தெளிவாக அச்சிடுவதற்கு அவர் கண்ட முறைகளை வெளிநாட்டாரும் பாராட்டினார்கள்.

1913-ம் ஆண்டில் அவர் குழந்தைகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் "சந்தேஷ்". சந்தேஷ் என்றால் செய்தி என்று அர்த்தம். வங்காளிகள் விரும்பிச் சாப்பிடும் ஒரு மிட்டாய்க்கும் அதுதான் பெயர். குழந்தைகளுக்கு இனிக்கும் பத்திரிகை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்!

தகப்பனார் சுகுமார் ரே, சிரிப்புப் பாட்டு எழுதுவதில் மன்னர். தலை ஒரு பிராணி, வால் ஒரு பிராணி என்று விசித்திர மிருகங்களைக் கற்பனை செய்து, தாமே படமும் வரைவார். வங்காளக் குழந்தைகளுக்கு அவருடைய பாட்டுக்கள் இன்றும் மனப்பாடம்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு, தகப்பனாரின் மடியில் விளையாடும் பாக்கியம் நெடுநாள் கிடைக்கவில்லை. கொடிய காய்ச்சலில் விழுந்த சுகுமார் ரே, 1923-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந்தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 35. மகனுக்கு வயது 2.

தாயாரின் உழைப்பு

அதன் பிறகு அச்சுக்கூடம் நொடித்தது. கடன் ஏறியது. தொழிலும் போயிற்று, பெரிய வீடும் போயிற்று.

தாயார் சுப்ரபா, மகனை அழைத்துக் கொண்டு தம் சகோதரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால், சும்மா இருக்கவில்லை. பெண்களுக்குத் தையல் வேலை கற்றுக் கொடுத்துச் சம்பாதித்தார். அந்தச் சம்பாத்தியத்தில் மகனைப் படிக்க வைத்தார்.

சிறுவன் சத்யஜித்துக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. பழைய "சந்தேஷ்" இதழ்களும், பாட்டனார், தகப்பனார் எழுதிய புத்தகங்களுமே அவனுக்குத் தோழர்கள். சொத்து கரைந்து போனாலும் கற்பனை கரையவில்லை. அதுவே அவனுக்குக் கிடைத்த பிதுரார்ஜிதம்!

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தார். பின்னர், தாயாரின் விருப்பப்படி, மகாகவி தாகூரின் சாந்திநிகேதனத்துக்குப் போய் ஓவியம் கற்றார்.

1943-ம் ஆண்டில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. விளம்பரங்களுக்குப் படம் வரைய வேண்டும். மாதச் சம்பளம் ரூ.80. அத்துடன் புத்தகங்களுக்கு அட்டைப்படமும் வரைந்தார். மீதி நேரம் எல்லாம் சினிமாதான். 1947-ம் ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தாவில் ஒரு பட ரசிகர் சங்கத்தையே தொடங்கிவிட்டார்.

முதல் ஏமாற்றம்

ரேயின் வாழ்க்கையில் எடுக்காமல் நின்ற படம் "ஏலியன்" மட்டும் அல்ல. அவர் முதன் முதலில் போட்ட திட்டமே நின்று போனதுதான்.

1948-ம் ஆண்டில், தாகூர் எழுதிய "கரே பாய்ரே" நாவலுக்குத் திரைக்கதை எழுதினார். ஒப்பந்தமும் ஆயிற்று. ஆனால் பட முதலாளி, கதையில் சில மாறுதல்கள் செய்ய வேண்டும் என்றார். ரே முடியாது என்று சொல்லிவிட்டார். படம் நின்றது.

அப்போது அவருக்கு மிகவும் வருத்தம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் திரைக்கதையை எடுத்துப் படித்தார். நல்லவேளை, அன்று இதை எடுக்கவில்லை என்று நிம்மதி அடைந்தார்! அது அவ்வளவு பக்குவம் இல்லாமல் இருந்ததாம்.

1950-ம் ஆண்டில் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே "சைக்கிள் திருடர்கள்" என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தார். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. ஆடம்பர செட்டுகள் இல்லை. தெருவில் எடுத்த படம். ஆனாலும் நெஞ்சை உருக்கியது. தம்முடைய படமும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

நகைகள் அடகு

"பதேர் பாஞ்சாலி" என்ற வங்காள நாவலைப் படமாக்க முற்பட்டார். ஏழைக் குடும்பத்தின் கதை. பணம் போட எந்த முதலாளியும் முன்வரவில்லை.

1952-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந்தேதி, நண்பர்களைச் சேர்த்துக் கொண்டு படப்பிடிப்பைத் தொடங்கினார். ஞாயிறு தோறும் வேலை. வெள்ளை நாணல் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் ஓடும் காட்சி. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் நாணல் பூவைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்கும் வரை காத்திருந்து, அதே காட்சியை எடுத்து முடித்தார்கள்.

கையில் இருந்த பணம் கரைந்தது. புத்தகங்களை விற்றார். மனைவி விஜயாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. மாதக்கணக்கில் வேலை நின்றது. கடைசியில் மேற்கு வங்காள அரசாங்கம் கை கொடுத்தது. "பதேர் பாஞ்சாலி" என்றால் பாதையின் பாட்டு என்று அர்த்தம். ஆகவே, சாலை போடும் கணக்கில் பணம் எழுதினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

1955-ம் ஆண்டில் படம் வெளிவந்தது. 1956-ல் பிரான்சு நாட்டில் கான் பட விழாவில் பரிசு பெற்றது. அடுத்த படமான "அபராஜிதோ", 1957-ல் இத்தாலியில் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கப் பரிசைத் தட்டிக் கொண்டு வந்தது. ரேயின் பெயர் உலகம் எங்கும் பரவியது.

மீண்டும் "சந்தேஷ்"

புகழ் வந்த பிறகும் ரே ஒன்றை மறக்கவில்லை. பாட்டனார் தொடங்கிய "சந்தேஷ்" நின்று போய் வெகுகாலம் ஆகியிருந்தது. 1961-ம் ஆண்டில், ஒரு கவிஞர் நண்பருடன் சேர்ந்து அதற்கு உயிர் கொடுத்தார்.

பத்திரிகை என்றால் பக்கம் நிரம்ப வேண்டுமே! ரே தாமே கதை எழுத உட்கார்ந்தார். படமும் வரைந்தார். விஞ்ஞானி ஷோங்கு, துப்பறியும் பெலுதா என்று அவர் படைத்த பாத்திரங்கள் வங்காளத்தில் வீட்டுக்கு வீடு பிரபலம் ஆயின.

1962-ல் "சந்தேஷ்" பத்திரிகையில் ஒரு கதை எழுதினார். கதாநாயகர் பங்கு பாபு. கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். பரம சாது. ஊரில் வம்புக் கூட்டம் ஒன்று, அவரைத் தினமும் கேலி செய்து மகிழும். அவர் வாய் திறக்க மாட்டார்.

ஒரு நாள் இரவு, மூங்கில் தோப்பு வழியாக வீடு திரும்புகிறார். அங்கே ஒரு விண்கலம்! வழி தவறி இறங்கிய வேற்று உலகவாசி ஒருவர் அதில் இருந்து வருகிறார். இருவரும் பேசுகிறார்கள். பங்கு பாபு பார்க்க முடியாத தூர தேசங்களை எல்லாம் அவருக்குக் காட்டுகிறார் விருந்தாளி. பயந்து பயந்து வாழ்வது நல்லது அல்ல என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போகிறார்.

மறுநாள் பங்கு பாபு புது மனிதர். கேலி செய்த கூட்டத்தின் எதிரே நிமிர்ந்து நின்று, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வெளியேறுகிறார்.

குழந்தைகளுக்காக எழுதிய இந்தச் சிறு கதைதான் விதை. இதில் இருந்துதான் "ஏலியன்" முளைத்தது.

தாமரைக் குளத்தில் தங்கக் கோபுரம்

அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில், வேறு கிரகத்தில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பகைவர்கள். ஊரைக் கொளுத்துவார்கள். மனிதரைக் கொல்வார்கள். பீரங்கி கொண்டு அவர்களை விரட்ட வேண்டும்.

ரேயின் கதை அப்படி அல்ல. வங்காளத்தில் ஒரு ஏழைக் கிராமம். ஒரு நாள் இரவு, தாமரைக் குளத்தில் வானத்தில் இருந்து ஏதோ வந்து விழுகிறது. பொழுது விடிந்து பார்த்தால், தண்ணீருக்கு மேல் பொன் நிறத்தில் ஒரு கோபுர நுனி தெரிகிறது. பூமிக்குள் புதைந்த கோவில்தான் மேலே வந்திருக்கிறது என்று ஊரார் கும்பிடத் தொடங்குகிறார்கள்.

உண்மையில் அது விண்கலம். அதில் வந்த உயிருக்குச் சிறு உருவம். பெரிய தலை. மெலிந்த கை, கால். யாருக்கும் தீங்கு நினையாத குழந்தை உள்ளம்.

அந்த ஊரில் ஹபா என்று ஒரு சிறுவன். தாய் தகப்பன் இல்லாதவன். பிச்சை எடுத்துப் பிழைப்பவன். அவனுடைய கனவில் புகுந்து விளையாடுகிறது வேற்று உலக உயிர். இருவரும் நண்பர்கள் ஆகிறார்கள்.

விருந்தாளி செய்யும் குறும்புகள் வேடிக்கையானவை. பருவம் இல்லாத காலத்தில் ஒரு மாமரம் காய்த்துக் குலுங்குகிறது. பச்சை வயல் ஒரே இரவில் கதிர் முற்றிவிடுகிறது. மனிதர்களுக்கு இவை அதிசயம், அதற்கோ விளையாட்டு!

ஊருக்கு வெளியே ஒரு அமெரிக்க என்ஜினீயர், தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு தோண்டிக் கொண்டிருக்கிறார். கல்கத்தாவில் இருந்து ஒரு பத்திரிகை நிருபர் வருகிறார். பஜோரியா என்று ஒரு பணக்கார சேட்டும் வருகிறார். அந்தக் கோபுரத்தைச் சலவைக் கல்லால் மூடி, தம் பெயரைப் பொறித்துப் புண்ணியமும் புகழும் சேர்க்க வேண்டும் என்பது சேட்டின் திட்டம்.

ஒரே பொருள். ஊரார் கண்ணுக்குத் தெய்வம். சேட் கண்ணுக்கு லாபம். என்ஜினீயர் கண்ணுக்குப் புதிர். அநாதைச் சிறுவனுக்கு மட்டும் அது நண்பன். ரே சொல்ல நினைத்தது இதுதான்.

கொழும்பில் இருந்து வந்த விருந்தாளி

விஞ்ஞானக் கதைகள் எழுதிப் புகழ் பெற்ற ஆங்கிலேயர் ஆர்தர் சி. கிளார்க், அப்போது இலங்கையில் குடியிருந்தார். ரேக்கும் அவருக்கும் கடிதப் பழக்கம் இருந்தது. 1966-ம் ஆண்டில் இருவரும் லண்டனில் சந்தித்தார்கள். தம் மனதில் இருந்த கதையை ரே சொன்னார். கிளார்க்குக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கொழும்பில் கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் என்பவர் இருந்தார். கடலில் மூழ்குவதில் சூரர். சிங்கள மொழியின் முதல் கலர்ப் படத்தை எடுத்தவரும் அவரே. கிளார்க் மூலம் கதையைக் கேள்விப்பட்ட வில்சன், ரேக்குக் கடிதம் எழுதினார். 1967-ம் ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தார்.

ரே வேகமாக எழுதினார். சுமார் இரண்டு வாரத்தில் திரைக்கதை முடிந்தது.

பிறகு எல்லாம் மின்னல் வேகம்! ஹாலிவுட்டின் பெரிய கம்பெனியான கொலம்பியா, பணம் போட முன்வந்தது. சேட் வேடத்துக்கு இங்கிலாந்தின் சிரிப்பு நடிகர் பீட்டர் செல்லர்ஸ் என்று பேச்சு. ரே பாரிசுக்குப் போய் அவரைச் சந்தித்தார். ரேயின் "சாருலதா" படத்தைப் பார்த்த செல்லர்ஸ், கண் கலங்கினார். நடிக்கச் சம்மதித்தார்.

நகைகளை அடகு வைத்துப் படம் எடுத்த மனிதருக்கு, ஹாலிவுட்டின் கதவு திறந்தது!

கசந்த நாட்கள்

அதே 1967-ம் ஆண்டில் ரே ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கே ஒரு காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. அவருடைய திரைக்கதைக்குப் பல பிரதிகள் எடுத்துப் பல பேரிடம் கொடுத்திருந்தார்கள். அவற்றில், உரிமை மைக் வில்சனுக்கும் சத்யஜித் ரேக்கும் என்று அச்சாகி இருந்தது. வில்சன் பெயர் முதலில்!

கதை ரேயினுடையது. வரி வரியாக எழுதியவர் ரே. உரிமையில் பங்கு எப்படி வந்தது? கேட்டதற்கு, எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று வில்சன் சமாதானம் சொன்னார். ரேக்கு மனம் ஒப்பவில்லை.

பின்னர் லண்டனில், கொலம்பியா கம்பெனிக்காரர் ஒரு விஷயம் கேட்டார். முன்பணமாக அனுப்பிய 10,000 டாலர் வந்து சேர்ந்ததா என்றார். அப்படி ஒரு பணத்தைத் தாம் கண்ணால் காணவில்லை என்று ரே பிற்காலத்தில் எழுதினார்.

செல்லர்சுக்கும் மனம் மாறியது. தம் பாகம் முழுமையாக இல்லை என்று 1968-ம் ஆண்டில் கடிதம் எழுதி விலகிக் கொண்டார். மார்லன் பிராண்டோ முதலிய வேறு பெரிய நடிகர்களின் பெயர்கள் அடிபட்டன. ஒன்றும் நிலைக்கவில்லை.

வில்சன் விலகினால் படத்தை எடுக்கலாம் என்றது கம்பெனி. ஆனால் வில்சன் எங்கே? அவர் தலையை மொட்டை அடித்துத் துறவியாகி, தென் இந்தியக் காடுகளில் தியானம் செய்யப் போய்விட்டதாகக் கிளார்க்கிடம் இருந்து செய்தி வந்தது! கடைசியில் வில்சன், உரிமையை விட்டுக் கொடுப்பதாக ரேக்கு எழுதினார்.

பூட்டுத் திறந்தது. ஆனால் அதற்குள் வேளை தவறிவிட்டது. கொலம்பியாவில் பேச்சு இழுத்துக் கொண்டே போயிற்று. படம் தொடங்கவில்லை.

பாட்டனார் கை கொடுத்தார்

ஹாலிவுட்டை நம்பி ரே கை கட்டிக் கொண்டு உட்காரவில்லை. இந்தச் சிக்கல்கள் நடந்து கொண்டிருந்த காலத்திலேயே, பாட்டனார் "சந்தேஷ்" பத்திரிகையில் எழுதிய ஒரு கதையைக் கையில் எடுத்தார். "கூப்பி காயின், பாகா பாயின்" என்று படத்துக்குப் பெயர். பாடத் தெரியாத ஒருவன், தாளம் போடத் தெரியாத ஒருவன், வரம் கொடுக்கும் பேய்களின் ராஜா! இதுதான் கதை.

கலரில் எடுக்க ஆசை. பணம் போதவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்து, கடைசிப் பகுதியை மட்டும் கலரில் எடுத்தார்.

அதில் வரும் பேய் நடனத்துக்கு ரே தேர்ந்தெடுத்த வாத்தியங்கள் எவை தெரியுமா? மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங்! நம் கர்நாடக சங்கீதத்தின் தாள வாத்தியங்களுக்கு வங்காளப் பேய்கள் ஆடின.

1969-ல் படம் வெளிவந்தது. வங்காளத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் கொட்டகைகளில் குவிந்தார்கள். அமெரிக்கப் பணத்தால் காட்ட முடியாத அதிசயத்தை, பாட்டனாரின் கதையைக் கொண்டு சொந்த மண்ணிலேயே காட்டிவிட்டார் ரே.

வந்தது "ஈ.டி."!

ஆனாலும் "ஏலியன்" ஆசை போகவில்லை. என்றாவது எடுக்கலாம் என்று காத்திருந்தார்.

1982-ம் ஆண்டில் அமெரிக்க டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் "ஈ.டி." படம் வந்தது. வழி தவறிப் பூமியில் தங்கிவிட்ட வேற்று உலக உயிர். சிறு உருவம். தீங்கு நினையாத குணம். வாடிய செடியைத் துளிர்க்க வைக்கும் சக்தி. ஒரு சிறுவனோடு நட்பு. உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்து அழுதது, சிரித்தது. அதுவரை எந்தப் படமும் வாங்காத வசூலை வாங்கியது.

கிளார்க்கும் பார்த்தார். இரண்டு கதைகளுக்கும் உள்ள ஒற்றுமை அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஸ்பீல்பெர்க்குக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள் என்று ரேக்கு யோசனை சொன்னார்.

தம்முடைய திரைக்கதையின் பிரதிகள் அமெரிக்கா எங்கும் உலவாமல் இருந்திருந்தால், "ஈ.டி." வந்திருக்காது என்பது ரேயின் கருத்து. அதை அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

ஸ்பீல்பெர்க் இதை மறுத்தார். தம் பெற்றோர் பிரிந்த காலத்தில், தனிமையில் வாடிய தாம் மனதில் கற்பனை செய்து கொண்ட ஒரு தோழனே "ஈ.டி."க்கு மூலம் என்று அவர் சொல்லி வந்தார்.

எது உண்மை? கோர்ட்டு இதைத் தீர்மானிக்கவில்லை. ஏனென்றால் ரே கோர்ட்டுக்குப் போகவே இல்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். அதன் பிறகு ரே "ஏலியன்" படத்தை எடுத்தால் உலகம் என்ன சொல்லும்? "ஈ.டி."யைப் பார்த்து எடுத்தார் என்று சொல்லும். 15 ஆண்டு முன்னால் எழுதியவர், பின்னால் வந்தவரைக் காப்பி அடித்தவர் ஆகிவிடுவார்! இதைவிடப் பெரிய கொடுமை ஒரு கலைஞனுக்கு இருக்க முடியுமா? ரே அந்த ஆசையை அதோடு விட்டுவிட்டார்.

காத்திருந்து எடுத்த படம்

ஆனால் மற்றோர் ஆசையை அவர் விடவில்லை. 1948-ல் நின்று போன "கரே பாய்ரே" படத்தை மறுபடி கையில் எடுத்தார். பழைய திரைக்கதையைத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுதினார். வேலை நடக்கும்போது, 1983-ம் ஆண்டில் மாரடைப்பு வந்தது. மகன் சந்தீப் உடன் நின்று உதவினார். 1984-ல் படம் வெளிவந்தது. முதல் திட்டம் போட்டு 36 ஆண்டு கழித்து!

அந்த நோய்க்குப் பிறகு ரே மெலிந்து போனார். ஆனாலும் கடைசி வரை படம் எடுத்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதினார்.

1992-ம் ஆண்டில், அவருடைய வாழ்நாள் பணிக்காக ஹாலிவுட்டின் ஆஸ்கார் கவுரவப் பரிசு அறிவிக்கப்பட்டது. அமெரிக்கா போக உடம்பில் தெம்பு இல்லை. கல்கத்தாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அதைப் பெற்றுக் கொண்டார். அதே ஆண்டில் பாரத ரத்னா பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 1992-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ந்தேதி ரே காலமானார். அவருக்கு வயது 70.

அழியாத படம்

"ஏலியன்" கதை அதோடு முடிந்துவிடவில்லை.

2003-ம் ஆண்டில் "கோயி மில் கயா" என்ற இந்திப் படம் வந்தது. வேற்று உலகவாசிக்கும் ஒரு வெள்ளை மனதுக்காரனுக்கும் ஏற்படும் நட்பே அதன் கதை. உடனே பலருக்கும் "ஈ.டி." ஞாபகம் வந்தது, ரேயின் பெயரும் அடிபட்டது. 2018-ம் ஆண்டில், "ஏலியன்" திரைக்கதையும் அதைச் சேர்ந்த கடிதங்களும் புத்தகமாகவே வெளிவந்தன. கொட்டகைக்கு வராத படம், 50 ஆண்டு கழித்து வாசகர் வீட்டுக்கு வந்தது.

வானத்தில் இருந்து வருகிறவன் பகைவன் அல்ல, குழந்தைகளின் தோழனாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் இன்று உலகச் சினிமாவில் சகஜம். அதை 1962-லேயே ஒரு குழந்தைப் பத்திரிகையில் எழுதி, 1967-ல் திரைக்கதையாகத் தீட்டி வைத்தவர் ஒரு வங்காளி. பாட்டனார் நடத்திய பத்திரிகையின் பக்கங்களை நிரப்புவதற்காக எழுத உட்கார்ந்தவர்.

படச் சுருள் இல்லை. பரிசு இல்லை. வசூல் இல்லை. ஆனால், எடுத்த படங்கள் எத்தனையோ மறந்து போய்விட்டன. எடுக்காத இந்தப் படத்தை உலகம் மறக்கவில்லை. வேற்று உலகவாசியைப் பற்றிப் புதிய படம் வரும்போது, தாமரைக் குளத்தில் தெரிந்த அந்தத் தங்கக் கோபுரம் யாராவது ஒருவர் நினைவுக்கு வருகிறது. அநாதைச் சிறுவன் ஹபாவும் உடன் வருகிறான்.